கடல் தெரியும் மனை: எத்தனை அடி உயரத்திலிருந்து?

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் நிலமும் வீடும் விற்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் பலரும் முதல் பேச்சிலேயே ட்ரோன் கேட்கிறார்கள். ட்ரோன் என்னிடம் இருக்கிறது. அதோடு ஒரு செல்பேசியும், அதை நுனியில் மாட்டித் தூக்கிப் பிடிக்க 25 அடி அலுமினியக் கம்பும் இருக்கின்றன. எதை எங்கே எடுப்பது என்பதில்தான் வாடிக்கையாளரோடு எனக்கு வழக்கு.

ஈத்தாமொழிப் பக்கம் 14 சென்ட் மனை ஒன்று. உரிமையாளர் ட்ரோன்தான் வேண்டும் என்று நின்றார். ஏற்றினேன். ஊரே நெட்டைத் தென்னைக்குப் பெயர் போனது. திரையில் தென்னந்தலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மனை எது, பக்கத்துத் தோப்பு எது என்று எனக்கே தெரியவில்லை. சிவப்புக் கோடு போட்டு எல்லை காட்டச் சொன்னார் தரகர். கண்ணளவில் போடும் அந்தக் கோட்டுக்கும் புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அரசு அளவை வரைபடம்) இருக்கும் அளவுக்கும் பெரும்பாலும் ஒட்டாது. எல்லைக்கல்லை வானத்திலிருந்து பார்க்கவும் முடியாது. குவைத்தில் இருந்துகொண்டு மனை தேடியவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, வீட்டு வாசல் வரைக்கும் வண்டி போகுமா?"

நம் மாவட்டத்தில் நிலத்தின் விலையைப் பாதி தீர்மானிப்பது வழி. சாலையிலிருந்து எத்தனை அடி அகலம், பொதுவழியா, அடுத்தவர் நிலத்தின் வழியா, வளைவில் லாரி திரும்புமா என்பதெல்லாம் ட்ரோன் சொல்லாத சேதிகள். அன்று பஸ் நிறுத்தத்திலிருந்து மனை வரை செல்பேசியைப் பிடித்தபடி வெட்டாமல் நடந்து ஒரு வீடியோ எடுத்தேன். குறுகலான இடத்தில் டேப்பை விரித்து அளவையும் காட்டினேன். செலவு இல்லாத அந்த நான்கு நிமிடம்தான் அவரை ஊருக்கு வரவழைத்தது. மரம் அடர்ந்த சிறு மனைக்கு ட்ரோனைவிடச் செல்பேசியே மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்தது கடல். 400 அடி உயரத்தில் கேமரா இருந்தால் அடிவானம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். மேகமும் மலையும் மறைக்காத நாளில் தக்கலையில் பறக்கவிட்டாலும் படத்தின் மேல்விளிம்பில் நீலக்கோடு வரும். தொலைவை நெருக்கிக் காட்டும் லென்ஸும் சேர்ந்தால் கடல் கொல்லைப்புறத்துக்கே வந்துவிடும். அதைப் போட்டு 'கடல் காட்சி மனை' என்று எழுதுகிறார்கள். வாங்குபவர் குடியிருக்கப் போவது 400 அடியில் அல்லவே! மாடி வீட்டின் மொட்டை மாடியில் நிற்பவரின் கண் 25 அடிப் பக்கம் இருக்கும். அங்கே கம்பு போதும்; ட்ரோன்தான் என்றால் அதையும் அந்த உயரத்திலேயே நிறுத்தி நாலு திசையும் எடுக்க வேண்டும். மணக்குடிக் காயலை ஒட்டிய ஒரு வீட்டுக்கு அப்படித்தான் செய்தேன். கடல் தெரியவில்லை, காயல் தெரிந்தது. விளம்பரத்திலும் காயல் என்றே போடச் சொன்னேன். உரிமையாளருக்கு முகம் சுருங்கியது. மனைப்பிரிவு போட்டு விற்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு இடம் தருகிறது.

ட்ரோன் முழுமையாக ஜெயிக்கும் இடம் மலையடிவாரம். குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டம் நாலைந்து ஏக்கர் என்றால் கீழே நின்று என்ன காட்டுவது? எங்கே திரும்பினாலும் பால் வடியும் மரம்தான். மேலிருந்து எடுத்தால் சரிவு, ஓடை, தோட்டத்துக்குள் ஜீப் போகும் தடம் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். ரப்பர் இலை உதிர்க்கும் ஜனவரியை ஒட்டி எடுப்பது உத்தமம். படுக்கைப்படுக்கையாக வெட்டிய நிலம் அப்போதுதான் துலங்கும். மரம் மொட்டையாகத் தெரிகிறது என்று விற்பவர் முணுமுணுப்பார். வாங்குபவர் நன்றி சொல்வார்.

ஆனால் அதற்கும் நாள் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று சீறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோவாளைப் பக்கம் 249 கிராம் ட்ரோனை ஏற்றுவது பட்டம் விடுவதற்குச் சமம். நூல் மட்டும் கையில் இருக்காது. முப்பந்தலில் காற்றாலை நட்டவர்கள் காரணம் இல்லாமலா நட்டார்கள்?

சட்டம் சிக்கலானது அல்ல. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (அரசின் ட்ரோன் வான்வரைபடத்தில் பச்சையாகக் குறித்த பகுதி) 400 அடி வரை பறக்க முன்அனுமதி வேண்டாம். எடை 250 கிராமைத் தாண்டி, வேலையும் வணிகம் என்றால், இயக்குபவரிடம் ரிமோட் பைலட் சான்று இருக்க வேண்டும். நில விளம்பரம் வணிகம்தான். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பியைக் கூப்பிடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கிணற்றடியில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் மேலே இரைச்சல் கேட்டால் சண்டை வரும், வந்திருக்கிறது.

இதுவரை சொன்னது விற்பவருக்கு. வாங்குபவருக்கு உதவுவது காசில்லாத நாலாவது வழி. கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். ட்ரோன் இன்றைய நிலத்தைத்தான் காட்டும். நேற்றுவரை வயலாகவோ குளத்தின் நீர்ப்பிடிப்பாகவோ இருந்து மண்ணடித்து மனையான கதையைப் பழைய படம்தான் காட்டும். போன மாதம் ஒருவர் அழகான ட்ரோன் வீடியோவை அனுப்பி என் கருத்தைக் கேட்டார். அதே இடத்தின் பழைய படத்தை எடுத்து அனுப்பினேன். நாலு பக்கமும் வரப்பு, நடுவே தண்ணீர். முன்பணம் கொடுத்துவிட்டாராம்.