யோஷிதாவா, இச்சோவா?

ஜப்பானிய மகளிர் மல்யுத்தத்தில் யார் பெரியவர் என்ற பேச்சு வந்தாலே இரண்டு பெயர்கள்தான்: சவோரி யோஷிதா, கவோரி இச்சோ. பதக்கக் கணக்கை வைத்துச் சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாது. யோஷிதாவுக்கு உலகப் பட்டம் 13, ஒலிம்பிக் தங்கம் 3. இச்சோவுக்குப் பட்டம் 10, தங்கம் 4.

யோஷிதாவின் பலம் வேகம். எதிராளி சுதாரிப்பதற்குள் பாய்ந்து காலைப் பிடித்துவிடுவார். 2008 ஜனவரியில் ஒரு தோல்வி வரும்வரை தொடர்ந்து 119 வெற்றிகள்! இச்சோ நிதானக்காரர், தற்காப்பில் அசைக்க முடியாதவர்.

2016 ரியோவில் இருவருக்கும் அடுத்தடுத்த நாள் இறுதிப்போட்டி. இச்சோ 1-2 எனப் பின்தங்கியிருந்தார். கடைசிச் சில நொடிகளில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவா காலைப் பிடிக்க வர, தாங்கி நின்று, பின்பக்கம் சுற்றி இரண்டு புள்ளி எடுத்தார். 3-2. மறுநாள் யோஷிதா, அமெரிக்காவின் ஹெலன் மரூலிஸிடம் 1-4 எனத் தோற்றுக் கண்ணீர்விட்டார். பார்க்கவே மனசு கனத்தது.

என் ஓட்டு இச்சோவுக்குத்தான். 63 கிலோவில் மூன்று தங்கம் வென்றவர், நான்காவதை 58 கிலோவில் வென்றார். ஆனால் மல்யுத்தம் புதிதாகப் பார்ப்பவர்கள் யோஷிதாவின் பழைய போட்டிகளிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாய்ச்சல் உடனே பிடித்துப்போகும்.