மெக்லேன், விக், மேக்ஸ்: எந்த முன்கதைக் காமிக்ஸை வாங்கலாம்?

2014இல் வந்த முதல் 'ஜான் விக்' படத்தில், கூலிக்கொலையாளியாக இருந்து ஒதுங்கிய ஜான் எப்பேர்ப்பட்டவன் என்று நமக்குச் சொல்வது ஜான் அல்ல, அவனுடைய பழைய முதலாளி விகோ. பாரில் மூன்று பேரை வெறும் பென்சிலால் முடித்தவன் என்று விகோ தன் மகனிடம் சொல்லும்போது நமக்கே வயிற்றைக் கலக்கும். அந்தப் பென்சில் காட்சியை அந்தப் படம் காட்டுவதில்லை. காட்டாததால்தான் அவ்வளவு பயம்.

டைனமைட் நிறுவனம் 2017 நவம்பரில் தொடங்கிய 5 இதழ் 'ஜான் விக்' காமிக்ஸின் சிக்கல் இதுதான்: படம் சொல்லாமல் விட்ட பழைய கதையை அது காட்டப் பார்க்கிறது. கிரெக் பாக் எழுதிய கதையில், சிறையிலிருந்து வெளியே வரும் இளம் ஜான், சிறுவயதில் தன் வாழ்க்கையைக் குலைத்தவர்களைத் தேடிப் போகிறான். கொலையாளிகள் தங்கும் கான்டினென்டல் ஹோட்டலும் அதன் சட்டதிட்டங்களும் அவனுக்குப் புதுசு. அவனோடு சேர்ந்து நாமும் அவற்றைக் கற்றுக்கொள்வது சுவாரசியம்தான். ஆனால் பழிவாங்கக் கிளம்பும் இளைஞனை நாம் ஆயிரம் கதைகளில் பார்த்தாயிற்று. போதாக்குறைக்கு, படத்தின் உயிரே ஓடிக்கொண்டே இருக்கும் அந்தச் சண்டை. தாளில் அது தனித்தனிப் படங்களாக உறைந்துவிடுகிறது.

'டை ஹார்ட்: இயர் ஒன்' வேறு மாதிரி. பூம் ஸ்டுடியோஸ் 2009இல் தொடங்கியது, மொத்தம் 8 இதழ்கள், எழுதியவர் ஹோவர்ட் சாய்கின். ஜான் மெக்லேனைச் சுற்றி மர்மமே கிடையாது. பனியனும் வெறுங்காலுமாக ஓடிய சாதாரணப் போலீஸ்காரர். ஆகவே கெட்டுப்போக எதுவும் இல்லை. சாய்கின் அவரை 1976 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் 200ஆவது சுதந்திர தினத்தில், நியூயார்க் தெருவில் ரோந்து போகும் புதுப் போலீஸாக நிறுத்துகிறார். துறைமுகம் நிறையப் பாய்மரக் கப்பல்கள், தெரு கொள்ளாத கூட்டம். நகர நிர்வாகமோ திவாலின் விளிம்பில். முந்தைய வருஷம்தான் ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த நிலைமையில் புதிதாக ஒருவருக்குச் சீருடை கிடைத்ததே அதிசயம்! இன்னொன்று: 1988இல் வந்த முதல் 'டை ஹார்ட்' படத்தின் தொடக்கத்தில், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் 11 வருஷமாக இந்த வேலையில் இருப்பதாக மெக்லேன் சொல்வார். கழித்துப் பாருங்கள், ஒரு வருஷம் இடிக்கும். எனக்கு அது உறுத்தவில்லை. இந்தக் கதையில் நாயகன் நகரம்தான், மெக்லேன் அதற்குள் நடந்து போகிறார், அவ்வளவே.

'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' காமிக்ஸ் 2015இல், படம் வந்த கையோடு, வெர்டிகோ வெளியீடாக வந்தது. எழுதியவர்களில் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் மில்லரே ஒருவர். கூடவே படத்துக்குக் காட்சிச் சித்திரங்கள் வரைந்த மார்க் செக்ஸ்டனும். வேறு யாரோ ஊகித்து எழுதிய கதை என்று இதை ஒதுக்க முடியாது. படத்தின் வில்லன் இம்மார்டன் ஜோ ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி என்பதும், தண்ணீர் இருந்த பாறைக்கோட்டையை அவன் எப்படிப் பிடித்தான் என்பதும் இதில்தான் தெளிவாகின்றன. படத்தில் நாயகன் மேக்ஸின் கண்ணுக்குள் வந்து வந்து போகும் சிறுமி யார் என்று பலர் குழம்பியதற்கும் பதில் உண்டு. அவள் அவனுடைய மகள் இல்லை. காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்துக் காப்பாற்ற முடியாமல் போன குளோரி என்ற பெண் குழந்தை.

ஆனால் ஜோவின் மனைவியரைத் தப்ப வைக்கும் வீராங்கனை ஃபியூரியோசாவின் இதழ் சறுக்கல். சிறைப்பட்ட அந்த மனைவியரின் துயரத்தைப் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார்கள். 'நாங்கள் பொருட்கள் அல்ல' என்று சுவரில் எழுதிய ஒரே வரியில் படம் அதைச் சொல்லி முடித்திருந்தது. அப்புறம் 2024இல் அதே மில்லர் ஃபியூரியோசாவின் இளமைக்கே தனிப்படம் எடுத்துவிட்டார். அவள் கதைக்காக இந்த இதழைத் தேட வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் மெக்லேனைத்தான் எடுப்பேன். ஃபியூரி ரோடை நாலைந்து முறை பார்த்தவர் என்றால், மேக்ஸ் வரும் இரண்டு இதழ்களை மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கிப் படியுங்கள். ஜான் விக்கா? படத்தையே இன்னொரு தடவை போட்டுவிடலாம்.