புரோகிரஸ், டிராகன், சிக்னஸ்: எந்தச் சரக்குக் கலம் எதற்கு?

பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு ஆளில்லாமல் சென்று பொருள் சேர்க்கும் கலங்களை ஒப்பிடுவோர், எது எத்தனை டன் சுமக்கும் என்றே முதலில் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் சுமார் 2.5 டன் சுமக்கும் ரஷ்யாவின் புரோகிரஸ், அமெரிக்காவின் டிராகனுக்கும் சிக்னஸுக்கும் பின்னால்தான் நிற்கும். ஆனால் கலம் நிலையத்தோடு எப்படி இணைகிறது, வேலை முடிந்து பிரிந்தபின் என்ன ஆகிறது என்பவையே எடையைவிட முக்கியமானவை என்று நான் கருதுகிறேன்.

1978 ஜனவரியில் சல்யூத்-6 நிலையத்துக்குச் சென்றதில் தொடங்கி இன்றுவரை பறந்துகொண்டிருக்கும் புரோகிரஸின் தனிச்சிறப்பு, அதன் இணைப்பு வளையத்திலேயே இருக்கும் குழாய்கள். கலம் பொருந்தியதும் அவற்றின் வழியே உந்துபொருள் நிலையத்தின் தொட்டிகளுக்குப் பாய்கிறது. சுமார் 400 கி.மீ. உயரத்தில்கூட மெல்லிய காற்றின் உராய்வால் நிலையம் சிறிது சிறிதாகக் கீழிறங்குவதால், அதை மீண்டும் மேலே தள்ளும் பணியிலும் புரோகிரஸின் எந்திரங்களே பெரும்பங்கு வகித்து வந்துள்ளன. இது ரேடார் உதவியுடன் தானாகவே வந்து இணையும். 1997 ஜூன் 25 அன்று ஒரு புரோகிரஸை மீர் நிலையத்திலிருந்து கைமுறையாக இயக்கி இணைக்க முயன்றபோது, அது ஸ்பெக்டர் பகுதியில் மோதிக் காற்றுக் கசிய, வீரர்கள் அப்பகுதியையே அடைத்து மூட நேர்ந்தது.

சிக்னஸ் தானாக இணைவதில்லை. நிலையத்துக்குக் கீழே அருகில் வந்து அசையாமல் நிற்கும் அதை, கனடார்ம்2 என்னும் இயந்திரக் கை எட்டிப் பிடித்துப் பொருத்துகிறது. இதனால் வீரர்களின் நேரம் செலவானாலும், புரோகிரஸின் 80 செ.மீ. வட்ட வாயிலைவிட அகலமான சதுர வாயில் கிடைப்பதால் பருமனான பொருள்களை உள்ளே எடுத்துச்செல்வது எளிது. முதல் தலைமுறை டிராகனும் இப்படித்தான் வந்தது. 2020 டிசம்பரிலிருந்து பறக்கும் புதிய டிராகன் தானாக இணையும் வசதியைப் பெற்று, அந்த அகன்ற வாயிலை இழந்தது.

பிரிந்தபின் புரோகிரஸும் சிக்னஸும் கழிவுகளைச் சுமந்துகொண்டு வளிமண்டலத்தில் எரிந்துபோகின்றன. எரியப்போகும் கலம் என்பதால்தான் 2016-ல் ஆளற்ற சிக்னஸுக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத் துணியைக் கொளுத்தி, எடையின்மையில் தீ எப்படிப் பரவுகிறது என்று பார்க்க முடிந்தது. மனிதர் வாழும் நிலையத்தில் அதைச் செய்யவே முடியாது.

டிராகன் மட்டும் வெப்பக் கவசத்தோடு பாராசூட்டில் கடலில் இறங்கி, உறைநிலையில் வைத்த இரத்த மாதிரிகளையும் பழுதான கருவிகளையும் முழுதாகத் திருப்பித் தருகிறது. ஆய்வை மட்டும் கருதினால் என் தேர்வு டிராகனே. ஆனால் ஒரே கலத்தை நம்பி நிலையத்தை நடத்த நான் துணியமாட்டேன். 2014 அக்டோபர் 28 அன்று ஒரு சிக்னஸும், 2015 ஏப்ரலில் ஒரு புரோகிரஸும், அதே ஆண்டு ஜூன் 28 அன்று ஒரு டிராகனும் நிலையத்தை அடையாமலே அழிந்தன. டிராகனை இழந்த ஒரே வாரத்தில், ஜூலை 5 அன்று, அடுத்த புரோகிரஸ் பொருள்களோடு நிலையத்தில் வந்து இணைந்தது.