சிக்பீ சென்சாருக்கு வைஃபை பூஸ்டர் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு மாடி வீடு. கீழே ஹாலில் சிக்பீ ஹப். சிக்பீ என்பது சென்சார் மாதிரி சிறு சாதனங்கள் ஒயரில்லாமல் பேசும் முறை, ஹப் அவற்றை இணைக்கும் மையப் பெட்டி. மேலே பின்னறையில் இரண்டு கதவு சென்சார், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு கசிவு சென்சார். மூன்றும் அடிக்கடி ஆஃப்லைன். பார்க்க வந்த கடைக்காரர் "வீடு முழுக்க மெஷ் போட்டுவிடலாம்" என்று மூன்று வைஃபை எக்ஸ்டெண்டரை மாட்டி, 9,600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பில்லில் "சிக்னல் பூஸ்டர் 3" என்று மட்டும் இருந்தது. மறுநாளே சென்சார் மூன்றும் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. கேட்டால், பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

இதில் மாட்டிவிடுவது "மெஷ்" என்ற சொல்தான், அதாவது ஒரு சாதனம் அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் வலை. வைஃபைக்கு ஒன்று, சிக்பீக்கு வேறொன்று. வைஃபை எக்ஸ்டெண்டர் வைஃபையை மட்டும் கடத்தும். சிக்பீயின் பேச்சு அதற்குப் புரியாது. சிக்பீயை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்க இன்னொரு சிக்பீ சாதனம் வேண்டும், அதுவும் கரண்டில் ஓடுவதாக. பேட்டரி சென்சார் கடத்தாது. நியூட்ரல் ஒயர் இல்லாமல் மாட்டும் சுவிட்சும் பெரும்பாலும் கடத்தாது. ஸ்மார்ட் பல்ப் கடத்தும், ஆனால் யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால் பாதை அங்கேயே அறுந்துபோகும்.

சரி, முன்பைவிட மோசமானது ஏன்? ஹப் சிக்பீ சேனல் 11-இல், அதாவது 2405 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. எக்ஸ்டெண்டர்கள் நின்ற வைஃபை சேனல் 1, ஏறக்குறைய 2401 முதல் 2423 வரை பரவும். மூன்று பெட்டியும் சிக்பீயின் தலைமேலேயே கத்திக்கொண்டிருந்தன. போதாததற்கு, "ஒயர் தெரியாமல் அழகாக இருக்கும்" என்று கடைக்காரர் ஹப்பை இரும்பு ஃபியூஸ் பெட்டிக்குள் வைத்துக் கதவையும் சாத்தியிருந்தார்! 1960-இல் அலிக்ஸ், கரோல் சைக்ளோன்களுக்குப் பிறகு நம்மூரில் காங்கிரீட் பெருகியது. கம்பி கட்டிய அந்தத் தளமே சிக்பீயின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக அடக்கிவிடும், இரும்புப் பெட்டி வேறு எதற்கு?

சரியானது இப்படி. எக்ஸ்டெண்டர்களைக் கழற்றுங்கள். 5 மீட்டர் லேன் கேபிள் போட்டு ஹப்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மாடிப்படிக்குப் பக்கத்தில், ரூட்டரிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி குச்சி வகை ஹப் என்றால் அரை மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தொங்கட்டும், யூஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்திலேயே சொருகினால் இரைச்சல் அள்ளும். வைஃபை சேனலை 1 அல்லது 6-இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்திவிட்டு, சிக்பீயை 25-க்கு மாற்றுங்கள். சேனல் மாற்றினால் சில சாதனங்களை மறுபடி பேர் செய்ய (ஹப்போடு இணைக்க) வேண்டிவரும், அதனால் இதை முதலில் முடித்துவிடுங்கள்.

அடுத்து சிக்பீ ஸ்மார்ட் பிளக் இரண்டு: ஒன்று படிக்கட்டின் மேல் திருப்பத்தில், இன்னொன்று பின்னறையில். நேர்க்கோட்டில் சுவரைத் துளைக்கப் பார்க்காதீர்கள், சிக்னல் படிக்கட்டு வழியாகவே ஏறட்டும். பிளக் இரண்டும் ஹப்பில் சேர்ந்த பிறகு சென்சார்களை அவை நிற்கும் இடத்திலேயே வைத்துப் பேர் செய்யுங்கள். ஹப் பக்கத்தில் பேர் செய்து மேலே தூக்கிக்கொண்டு போனால் சில சென்சார்கள் பழைய பாதையையே பிடித்துத் தொங்கும்.

சிக்பீ மாதிரியே இன்னொரு ஒயரில்லா முறை இசட்-வேவ். அமெரிக்காவிலிருந்து யாராவது மலிவாக அந்தச் சாதனம் வாங்கிவந்தால் ஜாக்கிரதை. அது 908.42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய ஹப் 868.42. இரண்டும் பேசவே பேசாது.

பிளக்குக்குப் பணம் கொடுக்கும் முன் பில்லில் மாடல் எண்ணோடு "சிக்பீ ரூட்டராக வேலை செய்யும்" (அதாவது சிக்பீ சிக்னலைக் கடத்தும்) என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். சைக்ளோனில் கரண்ட் போய் வந்த உடனே சென்சார் ஆஃப்லைன் என்றால் எதையும் அழிக்காதீர்கள். பிளக்குகள் எழுந்து, சென்சார்கள் தாமாகத் திரும்பிவர ஒரு மணி நேரமாவது விடுங்கள்.