மூன்று வார லீவில் கோர்ட் வேலையும் பத்திர வேலையும்

லண்டனில் 'பாராலீகல்' (வக்கீலாக இல்லாமல் சட்ட வேலைகளில் உதவுபவர்) என்று அழைக்கப்படும் ஆளைத் தமிழ்நாட்டில் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் வேலையை இங்கே மூன்று பேர் பிரித்துச் செய்கிறார்கள்: பத்திர எழுத்தர், வக்கீல் குமாஸ்தா, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர். வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்கு வருபவருக்கு, எதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைவதில்தான் லீவு கரைகிறது.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு அதிகம் வேண்டியிருப்பவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியே கடை போட்டிருப்பார். உரிமம் உள்ளவர் என்றால் பத்திரத்தின் கடைசியில் உரிம எண்ணோடு கையெழுத்துப் போடுவார். அதைப் போடத் தயங்குபவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். பத்திரம் தயாரிப்பது, பதிவுத்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவது, முத்திரைத் தீர்வை கணக்கிடுவது, டோக்கன் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

தப்பு எங்கே நடக்கிறது? பழைய பத்திரத்தின் கோப்பைத் திறந்து பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றி அடிப்பார்கள். முந்தைய ஆளின் கிழக்கு எல்லை அப்படியே நின்றுவிடும், அல்லது உட்பிரிவு எண் விட்டுப்போகும். எனவே டிராஃப்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை மூன்றையும் தாய்ப்பத்திரத்தோடும் பட்டாவோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பதிவான பிறகு தப்பு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் ஒருவர் விமானம் ஏறியிருப்பார்.

பெயர்ச் சிக்கல் இன்னொன்று. பட்டாவில் 'சு. முருகேசன்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் சுப்பையா'. 'என்கிற' போட்டு இரண்டையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வர முடியாதவர்கள் தங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பார்கள். இங்கே பதிவு வேலைக்கு அது செல்ல வேண்டுமென்றால், பதிவுச் சட்டம் 1908-இன் 33-ஆம் பிரிவுப்படி, நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அவருடைய சான்றும் பெற்றிருக்க வேண்டும். தூதரகம் என்றால் பின்னால் கேள்வி குறைவு. வாசகத்தை ஊரில் இருக்கும் எழுத்தரிடமே முதலில் வாங்கிவிடுங்கள். பத்திரம் எழுதிக்கொடுக்கவும் பதிவுக்குத் தாக்கல் செய்யவும் அதிகாரம் உண்டு என்று தனித்தனியாக வர வேண்டும். பவர் இந்தியா வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முத்திரை போட்டாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதை முடிக்கலாம். எப்போது வந்தது என்பதற்குக் கூரியர் உறைதான் சாட்சி, கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பவர் ஏஜென்ட் கிரையம் செய்யும்போது, பவர் கொடுத்தவரின் உயிர்ச் சான்றும் கேட்பார்கள்.

வழக்கு இருந்தால் வக்கீல் குமாஸ்தா. வக்காலத்து தாக்கல், பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, காபி அப்ளிகேஷன் (கோர்ட் ஆவண நகலுக்கான மனு) போடுவது, வாய்தா தேதி சொல்வது எல்லாம் அவர்தான். மனுவில் குறை இருந்தால் கோர்ட் 'ரிட்டர்ன்' போடும், அதாவது திருப்பி அனுப்பும். கெடுவுக்குள் சரிசெய்து திருப்பிப் போடாவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட வேண்டும். "கேஸ் போட்டாச்சு" என்று கேட்டுத் திருப்தியடையாமல், "நம்பர் ஆகிவிட்டதா?" என்று, அதாவது கோர்ட் ஏற்று வழக்கு எண் கொடுத்துவிட்டதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த வாய்தாவை இகோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். குமாஸ்தா அனுபவத்தில் பல ஜூனியர்களை மிஞ்சுவார். இருந்தாலும் கேஸ் நிற்குமா என்ற யோசனையை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். வக்கீல் அல்லாதவர் கோர்ட்டில் தொழில் செய்தால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை உண்டு. ஊருக்குப் போகும் அவசரத்தில் வெற்றுத் தாளிலும் வெற்று முத்திரைத்தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள்.

சட்டத் தன்னார்வலரைப் பற்றி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. திட்டம் 2009-இல் வந்தது. மனு எழுத உதவுவார், எந்த அலுவலகம் என்று வழிகாட்டுவார், ஆணைக்குழு மூலம் இலவச வக்கீலுக்கு ஏற்பாடு செய்ய உதவுவார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆகவே ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு வேலிச் சண்டை என்றாலும், பென்ஷன் நின்றுபோனாலும், சட்ட உதவி எண்ணான 15100-க்கு அவரே போன் செய்யலாம். தன்னார்வலர் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழு அலுவலகத்திலேயே புகார் சொல்லலாம்.

பணம் கொடுக்கும்போது பத்திர எழுத்தரிடம் அரசுக் கட்டணத்தையும் அவர் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் ரசீது உண்டு. 'மத்த செலவு' என்று வரும் மூன்றாவது வரிக்குத்தான் ரசீதே இருக்காது.