மெஷினுக்குப் பலம் போதும், பிரஷர் ஃபுட்தான் விடமாட்டேன் என்கிறது

தேவகோட்டையிலிருந்து என் தோழி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கறுப்பு உடம்பு, பொன் நிறப் பூவேலை, வார்ப்பிரும்பு ஸ்டாண்டு. காலால் மிதித்துத் தைக்கும் பழைய தையல் மெஷின். 6,000 ரூபாய் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 4,500க்கு இறங்கிவிட்டார்களாம். "இதுல தோல் தைக்குமாடி? வாங்கிரவா?" என்று கேட்டிருந்தாள்.

அவள் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் என் மெஷினை மெக்கானிக் பிரித்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பாழான பை ஒன்று இன்னும் மேசையில் கிடந்தது. அந்தக் கோபத்தில் போனில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் மெஷினுக்கு அநியாயம் செய்தவளாகியிருப்பேன். அதனால் உட்கார்ந்து அவளுக்கே எழுதுகிறேன்.

என்னுடையது ஆயாவின் மெஷின். ஆயா கல்யாணத்தில் பரப்பிய சாமான்களோடு காரைக்குடி வீட்டுக்கு வந்தது. ரவிக்கை, தலையணை உறை, பேரப்பிள்ளைகளின் சட்டை என்று அவர் தைத்ததெல்லாம் துணிதான். நான் அதில் தோலை வைத்தது 2019ல். கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருடம் அது. கண்டாங்கித் துண்டில் கைப்பை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டம் மங்காமல் இருந்தது, ஆனால் பையின் அடிப்பக்கம் தரையில் உரசி உரசி ஒரு வருடத்தில் நைந்தது. அடியிலும் மூலைகளிலும் ஆட்டுத் தோல் வைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து ஆறு வருடமாக, வாரத்தில் மூன்று நாள் இந்த மெஷினும் நானும் தோலோடுதான் மல்லுக்கு நிற்கிறோம்.

எல்லோரும் முதலில் கேட்பது பலத்தைப் பற்றித்தான். வீட்டு மெஷினுக்கு அவ்வளவு பலம் இருக்குமா, ஊசி உடையாதா, மெஷின் தாங்குமா? தாங்கும். உள்ளே முழுக்க இரும்பு, நேர்த்தையல் ஒன்றைத் தவிர வேறு வேலை தெரியாத மெஷின் இது. 1 மி.மீ. ஆட்டுத் தோல் இரண்டு அடுக்கு, நடுவில் துணி, எல்லாம் சேர்ந்து 3 மி.மீ. வரை முனகாமல் தைக்கிறது. அதற்கு மேல் மாட்டுத் தோலை மடித்து வைத்து யாராவது கேட்டால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன்.

பலத்தைவிட எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது மிதி. முதல் நாள் இதை நான் எதிர்பார்க்கவில்லை. தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் அந்தத் துளை நிரந்தரம். துணி மாதிரி பிரித்துவிட்டு நகத்தால் நீவினால் மறையாது. அதனால் ஒவ்வொரு தையலும் எங்கே விழுகிறது என்று தெரிந்தே விழ வேண்டும். மின் மோட்டார் வைத்த சின்ன மெஷின் ஒன்றில் ஒருமுறை தைத்துப் பார்த்தேன். பெடலை மெதுவாக அழுத்தினால் உறுமிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் கூட்டினால் நாலு தையல் பாய்ந்துவிடுகிறது. என் கால் மெஷினில் வலது கை சக்கரத்தில் இருக்கும், பாதம் மிதியில் இருக்கும். ஒரு தையல் என்றால் ஒரே ஒரு தையல். வளைவில் ஊசியைத் தோலுக்குள்ளேயே நிறுத்தி, ஃபுட்டை, அதாவது தோலை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பாதத்தைத் தூக்கி, பையைத் திருப்பி, மறுபடி இறக்கி, அடுத்த தையல். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வெளிச்சம் விழும் நேரத்தில் இப்படி ஒரு கைப்பிடியைச் சுற்றித் தைத்து முடிக்கும்போது வரும் நிறைவை எனக்கு வேறெந்த வேலையும் கொடுத்ததில்லை. மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெல்ட்டே தோல் வார்தான். அது தளர்ந்தால் கொஞ்சம் வெட்டி மறுபடி கொக்கி போட்டுக்கொள்ளலாம்.

ஊசி, நூல் பற்றிச் சுருக்கமாக. தோலுக்கென்று தனி ஊசி உண்டு. முனை உளி போலப் பட்டையாக, வெட்டிக்கொண்டு இறங்கும். மெல்லிய தோலுக்கு 14ஆம் நம்பர், நான் தைக்கும் தோலுக்கு 16, மூலைகளுக்கு 18. அதே ஊசியைத் துணியில் வைக்காதே, இழையை அறுத்துவிடும். தையல் நீளம் 4 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஆறு அல்லது ஏழு. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது துணிக்குச் சரி. தோலில் நெருங்கிய துளைகள் ரசீதுப் புத்தகத்தில் கிழிப்பதற்குப் போட்ட துளைகள் மாதிரி. இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போடுவதும் கூடாது. நூலை நீளமாக விட்டு உள்பக்கம் இழுத்துக் கையால் முடி. குண்டூசியும் குத்தாதே, கிளிப் போடு. பாலியஸ்டர் நூல், அல்லது நைலான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் உள்ள துவர்ப்பு நாளடைவில் பருத்தி நூலை மக்கச் செய்துவிடும். திண்டுக்கல்லிலிருந்து வாங்கிவந்த அந்த மாதிரித் தோலில் முதல் வருடம் பருத்தி நூலால் தைத்த ஒரு பை, மூன்றாம் வருடம் தையல் தையலாக விட்டுக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. பருமனான நூலுக்குத் தனியாக ஒரு பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) வாங்கி அதன் திருகைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். துணி தைக்கும் கேஸில் கை வைப்பதில்லை.

இனி ஃபுட்.

ஆறு வருடத்தில் என் பொறுமையைத் தின்றது இந்தக் கட்டைவிரல் அகல இரும்புத் துண்டுதான். தையல் எப்படி விழுகிறது என்று பார்த்தால்தான் இது புரியும். ஊசி அடிவரை இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கும்போது, நூல் ஊசியின் ஓரத்தில் சின்ன வளையமாகப் புடைக்கும். அடியில் சுழலும் கொக்கியான ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து, அதைப் பாபினைச் சுற்றி இழுத்துப்போகும். அதுதான் ஒரு தையல். துணி ஊசியைச் சுலபமாக விட்டுவிடும். தோல் விடாது. இறுகப் பிடித்துக்கொண்டு ஊசியோடு தானும் மேலே எழும்பும். எழும்பினால் வளையம் புடைக்காது, ஷட்டில் வெறுமனே சுற்றிப்போகும், தையல் தப்பும்.

சரி, எழும்பாமல் ஃபுட்டை இறுக்கி வைக்கலாம் என்று மேலே உள்ள திருகைத் திருகினால், மழமழப்பான தோல் ஃபுட்டின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. கீழே தோலை நகர்த்தும் பல் முன்னே தள்ளுகிறது, மேலே ஃபுட் போகவிடமாட்டேன் என்கிறது. 4 மி.மீ. வைத்த தையல் 2 ஆகி, 1 ஆகி, ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கிறது. தோலின் அடிப்பக்கத்தில் பல் தடம் வேறு. இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் அடித்துண்டு நகரும், மேல்துண்டு பின்தங்கும்; கடைசியில் மேல்துண்டு அரை விரல்கடை மிஞ்சி நிற்கும். திருகைத் தளர்த்தினால் மறுபடி தையல் தப்புகிறது. இறுக்கினால் ஒட்டுகிறது, தளர்த்தினால் தப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் கால் சுற்று இடம் இருக்கிறது. அந்தக் கால் சுற்றும் தோலுக்குத் தோல் மாறும். ஒரே ஆட்டின் தோலில் முதுகுப் பக்கத்துக்கு ஓர் அளவு, வயிற்றுப் பக்கத்துக்கு வேறு அளவு.

பவுடர் தூவிப் பார்த்தேன். வழுக்கியது, ஆனால் அது உள்ளே இறங்கி எண்ணெயோடு சேர்ந்து களியாகிவிட்டது. ஃபுட்டின் அடியில் செல்லோ டேப் ஒட்டினேன். நம் ஊர் சித்திரை வெயிலில் பசை இளகி, டேப் நகர்ந்து, தோலில் பிசுபிசுப்பு ஏறியது. வெள்ளை டெஃப்ளான் ஃபுட் வாங்கினேன். உண்மையிலேயே நல்ல சாமான், பளபளப்பான தோலில் அழகாக வழுக்கிப் போகிறது. அடியில் கீறல் விழுந்ததும் மாற்ற வேண்டும். உருளை வைத்த ஃபுட் நேர்கோட்டில் அருமை. ஆனால் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தைக்கும்போது ஒரு பக்கத்து உருளை தோலைவிட்டு வெளியே தொங்கி, ஃபுட் சாய்ந்துவிடுகிறது. பையின் தையலில் பாதி அந்த ஓரத்தில்தானே இருக்கிறது?

கடைசியில் கைகொடுத்தது பலகாரம் அடுக்கும் பட்டர் பேப்பர். மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று, நடுவில் தோல். ஃபுட் பேப்பரில் வழுக்கும், பல் பேப்பரைக் கடிக்கும், தோலில் தடம் விழாது. தைத்து முடித்ததும் துளை வழியே கிழித்து எடுக்கலாம். தையலுக்கு அடியில் சிக்கிய துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு பைக்கு இருபது நிமிடம் அதற்கே போகிறது. ஆறு வருடத்தில் எத்தனை இருபது நிமிடம் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

நேர்த்தையலுக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது. மூலைக்குக் கிடைக்கவில்லை. பையின் அடியும் பக்கமும் சேரும் இடத்தில் தோல் நாலு மடிப்பாகும். அந்த மேட்டில் ஃபுட்டின் மூக்கு ஏறும்போது வால் கீழே கிடக்கும். சாய்ந்த ஃபுட் தோலைச் சமமாக அமுக்காது. மேட்டின் உயரத்துக்கே ஒரு தோல் துண்டை ஃபுட்டின் பின்னால் முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் பத்தில் ஏழு தடவை சரியாக விழும். விளிம்பைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, சுத்தியலால் தட்டிப் படிய வைத்தால் எட்டாகும். மீதி இரண்டு?

போன வாரம் அந்த இரண்டில் ஒன்று வந்தது. மூலையில் தையல் நிற்க, நான் கையால் பையைக் கொஞ்சம் இழுத்தேன். ஊசி வளைந்து ஊசித்தட்டில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஊசி உடைந்ததோடு போகவில்லை. தட்டின் துளையில் பிசிறு, ஷட்டில் முனை மழுங்கிவிட்டது. பிறகு துணியில் ஓட்டினாலும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மெக்கானிக் வந்து ஷட்டிலை மாற்றி, தட்டின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் டைமிங் பார்த்துக் கொடுத்தார். நிமிர்ந்து, "ஆச்சி, இது துணி தைக்கிற மெஷினு. தோலுக்குன்னு வேற மெஷின் இருக்கு, அதுல மேல இருக்கிற ஃபுட்டும் சேந்து நடந்து வரும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். என் மெஷின் தோலுக்காகச் செய்யப்பட்டதில்லை. ஃபுட் அசையாமல் நிற்க, பல் மட்டும் தள்ளினால் போதும் என்று துணியை மனதில் வைத்து வடிவமைத்தது. ஆயா கையில் அது ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. இத்தனை வருடமும் தன் வேலையல்லாத வேலையை இவ்வளவு தூரம் செய்துகொடுத்திருக்கிறது. 2020ல் தைத்த முதல் நல்ல பையை என் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) இன்றும் கடைக்குக் கொண்டுபோகிறாள். கைப்பிடியில் ஒரு தையல்கூட விடவில்லை, தோல்தான் வெயில் பட்டுத் தேன் நிறத்திலிருந்து கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும், மெக்கானிக் போனபிறகு சோதனைத் துணியில் ஓட்டாமல் அவசரமாகத் தோலை வைத்து, அவர் விட்ட எண்ணெய் ஒரு சொட்டு கைப்பிடித் தோலில் இறங்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதனிட்ட வெறும் தோலில் எண்ணெய்க் கறை போகாது. மேசையில் கிடக்கிறதே, அந்தப் பைதான் அது.

அதனால் என் பதில் இதுதான்: தோலுக்காக என்றால் அந்த மெஷினை வாங்காதே. பலமான மெஷினாகத்தான் தெரிகிறது, விலையும் அதிகமில்லை, துணிக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் நீ தைக்கப்போவது தோல் செருப்பும் பர்சும் என்கிறாய். அதில் முக்கால்வாசி மூலைதான். முதலில் உன் தோலில் ஒரு முழம் எடுத்துக்கொண்டு இங்கே வா. பட்டர் பேப்பர் இருக்கிறது, 16ஆம் நம்பர் ஊசி இருக்கிறது. இரண்டு அடுக்கில் ஒரு முழம், நாலு அடுக்கில் ஒரு மூலை தைத்துப் பார். அந்த மூலைக்குப் பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால் நானே கூட வந்து விலை பேசுகிறேன்.

கல்யாணத் தாம்பூலத்துக்குக் கேட்ட பைகளில் இன்னும் ஏழு பாக்கி. நீளத் தையலை மெஷினில் முடித்துவிட்டு மூலைகளை மட்டும் கையால் தைக்கப்போகிறேன். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாங்கும் தையல். ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பையொன்றுக்கு நாலு மூலை, மொத்தம் இருபத்தெட்டு. குத்தூசியும் மெழுகு தடவிய நூலும் எடுத்து வைத்துவிட்டேன், நாளைக் காலை வெயில் ஏறுமுன் ஆரம்பிக்க வேண்டும்.