மூன்றாம் தந்தியின் பிரடை: யுகுலேலேயுடன் நான்கு ஆண்டுகள்

"யுகுலேலே வாங்கலாமா அண்ணா? உங்களிடம் இருக்கிற மாதிரியே ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்" என்று தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறான். குட்டிக் கிட்டார் போன்ற நான்கு தந்திக் கருவிதான் யுகுலேலே. என்னுடையதைப் பழுதுபார்த்து வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. கோபம் ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது யுகுலேலே அளவுகளில் 'கான்சர்ட்' எனப்படுவது. நாதத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. முட்டத்தில் கடலுக்கு அருகே எட்டு மழைக்காலம் பார்த்தும் பலகை வீங்கவில்லை, கழுத்து வளையவில்லை.

என் சண்டையெல்லாம் பிரடையோடுதான், அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணியோடு. இதில் பல்சக்கரம் கிடையாது, உராய்வில்தான் நிற்கிறது. வீணையைப் போலவே, பிரடையை ஒரு சுற்று சுற்றினால் தந்தி சுற்றியிருக்கும் அதன் தண்டும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். பிரடைக்குப் பதில் பல்சக்கரம் வைத்த சாவிகள் பலவற்றில் அதே சுற்றுக்குத் தண்டு 14-இல் ஒரு பங்குதான் நகரும். இதிலோ விரல் சற்று அழுந்தினாலே சுருதி தாண்டிப் போய்விடுகிறது.

அதைக்கூடப் பழகிக்கொண்டேன். நழுவுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதுவும் மூன்றாம் தந்தி, 'சி' சுரத்தில் ஒலிப்பது. சி, எஃப், ஏ மைனர் என்ற மூன்று கார்டிலும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) அந்தத் தந்தி விரல் படாமல் திறந்தே ஒலிக்கும். அது இறங்கினால் ஒளிய இடமில்லை. போன டிசம்பரில் பிள்ளைகளோடு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போனபோது மூன்றாவது வீட்டு முற்றத்திலேயே இறங்கிவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் சுருதி சேர்த்தேன். அடுத்த வீட்டிலும் அதே கதை.

வாங்கிய கடையில் தந்தியைக் குறை சொன்னார்கள். நம்பி இரண்டு செட் மாற்றினேன். புது நைலான் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும், அது நியாயம். ஆனால் மாதக்கணக்கிலா? ஒரு நாள் இரவு பிரடையில் விரலால் பிடித்துத் திருகும் காதிலும், அதற்கு நேராகத் தலைப்பலகையிலும் பென்சிலால் கோடு போட்டேன். காலையில் இரண்டு கோடும் ஒரு நெல்லின் அகலத்துக்கு விலகி நின்றன. தந்தி மேல் பழியே இல்லை.

நாகர்கோவிலில் பழுதுபார்ப்பவர் பிரடையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். காதின் நடுவே இருக்கும், உராய்வைக் கூட்டிக் குறைக்கும் திருகு உப்புக்காற்றில் துருப்பிடித்து, முடுக்க முடியாதபடி இறுகிப்போயிருந்தது. அதனடியில் வாஷர் ஒரு பக்கம் தேய்ந்து தாள் போலாகியிருந்தது. இரண்டையும் மாற்றினார், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த ஒரு வாரமாகப் பென்சில் கோடுகள் நேராகவே நிற்கின்றன. நேற்று மாலை மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் வாசித்தேன், ஒரு முறைகூடப் பிரடையைத் தொடவில்லை. அவ்வளவு இனிமை.

இருந்தாலும் தம்பி, இதை வாங்காதே. பல்சக்கரச் சாவி வைத்ததாகப் பார். இதுதான் வேண்டும் என்று நின்றால், பெட்டிக்குள் ஒரு சிறிய திருப்புளி போட்டுக்கொள். சுருதி கூடிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு, கீழேயிருந்து ஏற்றிக்கொண்டே வந்து நிறுத்து. மழை தொடங்கியதும் அந்தத் திருகை ஒரு முறை கழற்றிப் பார்.